மகள் நடிக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகளுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நன்றாக நடிக்கத் தெரிந்தவர்களையும் இந்தத் தொழிலிலிருந்து விரட்டுவது வேலையில்லாத மாதங்கள்தான். சின்ன வேடம் என்றால் இரண்டு மூன்று நாள் படப்பிடிப்போடு முடிந்துவிடும். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியை எந்த வருமானத்தில் கடப்பாள், எதைப் பயின்றுகொண்டிருப்பாள் என்பதற்கு அவளிடம் பதில் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

பட்டப்படிப்பை விட வேண்டாம். எந்தப் படிப்பு என்பதைவிட, அது தரும் வேலையின் நேரம் முக்கியம். ஆடிஷனுக்குப் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள்தான் கூப்பிடுவார்கள். விடுப்பே தராத வேலையில் இருப்பவர் நல்ல வாய்ப்புகளைத் தவறவிடுவார். மொழிபெயர்ப்பு, டப்பிங், எடிட்டிங், பாடம் சொல்லித் தருவது போன்றவை தோதானவை.

பயிற்சியை நாடகத்தில் தொடங்கட்டும். 1898இல் மாஸ்கோ கலை நாடக அரங்கை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வகுத்த வழிதான் இன்றும் பல பள்ளிகளுக்கு அடிப்படை: இந்தக் காட்சியில் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அதை அடைய அது என்ன செய்கிறது. பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு மணி நேர வகுப்பில் 40 பேர் இருந்தால் ஒருவருக்கு 3 நிமிடம். 12 பேர் இருந்தால் 10 நிமிடம். மற்றவர் நடிப்பதைப் பார்ப்பதிலும் பாடம் உண்டு என்றாலும், 3 நிமிடத்துக்குக் கட்டணம் கட்டுவது வீண். "வாய்ப்பு வாங்கித் தருவோம்" என்று உறுதி சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

மேடைப் பழக்கம் மட்டும் கேமராவுக்குப் போதாது. படத்தின் கடைசிக் காட்சியை முதல் நாளே எடுக்கலாம். கதையில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை நடிகரே குறித்து வைத்திருக்க வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினாளோ, அடுத்த டேக்கிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும். மாறினால் இரண்டு ஷாட்டையும் எடிட்டரால் ஒட்ட முடியாது. தரையில் போட்ட அடையாளத்தைத் தாண்டி நின்றால் ஃபோகஸ் போய்விடும். தினசரித் தொடரில் வசனத் தாள் அன்று காலைதான் கைக்கு வரும், ஒரே நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள். மனப்பாடத்துக்கும் மாத வருமானத்துக்கும் தொடர் நல்லது. ஆனால் வேறு எதிலும் நடிக்கக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எத்தனை காலத்துக்கு என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் சுற்றுத் தேர்வு இப்போது பெரும்பாலும் வீட்டில் எடுத்து அனுப்பும் வீடியோவில்தான் நடக்கிறது. ஃபோனைப் படுக்கை வாட்டில், கண் உயரத்தில் டிரைபாடில் வைக்க வேண்டும். மார்பிலிருந்து தலைவரை தெரிந்தால் போதும். பின்னால் வெறும் சுவர், வெளிச்சம் முன்னாலிருந்து. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி நின்று, அவள் குரலைவிடத் தணிவாகப் படிக்கட்டும். அவள் பார்வை அவர் மீது இருக்க வேண்டும், லென்ஸ் மீது அல்ல. படம் சுமாராக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காவிட்டால் பாதியிலேயே மூடிவிடுவார்கள். ஆகவே ஒலியை முதலில் சரிபாருங்கள். ஷோரீல், அதாவது அவள் நடித்த காட்சிகளின் தொகுப்பு வீடியோ, ஒன்றரை நிமிடத்துக்குள், அவளுடைய சிறந்த காட்சியோடு தொடங்கட்டும். அனுப்பும் புகைப்படத்தில் இருக்கும் முகம்தான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும், மெருகேற்றிய படம் வேண்டாம்.

ஆடிஷனுக்கும் பதிவுக்கும் ஒரு காசும் கட்டாதீர்கள். நேர்மையான ஏஜென்ட் வந்த சம்பளத்திலிருந்துதான் தன் பங்கை எடுப்பார். ஹோட்டல் அறையிலோ இரவிலோ "தேர்வு" என்றால் போக வேண்டாம். வாய்ப்பு போய்விடுமே என்று ஒரு கணமும் தயங்காதீர்கள். அங்கே வாய்ப்பு இருந்திருக்காது.

ஒப்பந்தத்தில் எத்தனை நாள், கூடுதல் நாளுக்கு எவ்வளவு, டப்பிங் சேர்த்தியா, தவணை எப்போது என்று எழுதியிருக்க வேண்டும். கடைசித் தவணையை டப்பிங்குக்கு முன்பே வாங்குவது நல்லது. குரலும் கொடுத்து முடித்தபின் பாக்கியைக் கேட்பவர் கையில் பிடி எதுவும் இல்லை. அவள் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கிப் பயன்படுத்தும் உரிமையை எழுதி வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். 2023இல் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு முறையும் தனியாகச் சம்மதமும் தனியாகச் சம்பளமும் கேட்கலாம்.

ஒவ்வொரு ஆடிஷனையும் ஒரு நோட்டில் தேதியோடு குறிக்கட்டும். 40 வீடியோ அனுப்பியும் இரண்டாம் சுற்றுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் புகைப்படம், ஒலி, தேர்ந்தெடுக்கும் வேடங்களின் வயது ஆகியவற்றை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றுவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டாம், தொடரட்டும். இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இந்த வாரமே இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை அவள் பதிவு செய்யட்டும். எதிர் வசனத்தை நீங்களே படியுங்கள்.