பெட்டியில் பூட்டிய ஃபைலும் குழந்தையின் காய்ச்சலும்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். நான்கு மாதமாக அவளுக்கு இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்திருக்கின்றன. விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறது. முழங்கால் வலிக்கிறது என்று காலையில் எழுந்திருக்க மறுக்கிறாள். ஒரு மருத்துவர் பனிக்காற்றால் வந்தது என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் லூபஸாக இருக்கலாம் என்கிறார். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். அவருடைய மூத்த தங்கை 22 வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டார். அந்த ஃபைல் மாமியாரின் தகரப் பெட்டியில் இருக்கிறது. இளைய நாத்தனாருக்கு வரன் பார்ப்பதால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எந்த மருத்துவர் சொல்வது சரி? எந்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரியும்? வேலூருக்குப் போக வேண்டுமா?

பதில்: அம்மா, இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். அந்த இருவரில் ஒருவரிடமாவது உங்கள் நாத்தனார் எப்படி இறந்தார் என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் முதலாமவர் களிம்போடு அனுப்பியிருக்க மாட்டார், இரண்டாமவர் ரத்தத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார். இருவருமே குழந்தையின் சிறுநீரைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். நான்கு மாதக் கதையை எழுதிய உங்கள் கடிதத்தில் சிறுநீர்ப் பரிசோதனை என்ற சொல்லே இல்லை.

லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். கன்னத்திலும் மூட்டிலும் வந்தால் கண்ணுக்குத் தெரியும், குழந்தையும் அழுது காட்டும். சிறுநீரகத்தில் வந்தால் தொடக்கத்தில் வலியே இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போவதும், காலையில் கண் இமை வீங்கியிருப்பதும், ரத்த அழுத்தம் ஏறுவதும்தான் அடையாளம், அவற்றையும் தேடிப் பார்த்தால்தான் தெரியும். லூபஸ் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. உங்கள் நாத்தனாருக்கு வந்தது இதே நோயா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த ஃபைலில், சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சி அறிக்கை இருந்தால், அதைப் பார்க்கும் மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இறந்துபோன பெண் உங்களுக்கு நாத்தனார் மட்டுமல்லர், தாய்மாமன் மகளும்தான். ஆகவே அந்தக் குடும்பத்தின் மரபு உங்கள் மகளுக்குத் தகப்பன் வழியாகவும் தாய் வழியாகவும் வந்திருக்கிறது. குழந்தைகளுக்கு லூபஸ் வருவதானால் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல்தான் வரும். ஆறு வயதில் வந்து, பெற்றோரும் சொந்தத்தில் மணந்தவர்களாக இருந்தால், காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தப் புரதங்களில் பிறவிக் குறை உண்டா என்று மருத்துவர்கள் தனியாகத் தேடுவார்கள். சொந்தத்தில் கட்டியதற்காக நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அதை மருத்துவரிடம் சொல்லாமல் வந்ததற்குத்தான் குறை சொல்கிறேன்.

தங்கையை நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்பது அண்ணன் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த விஷயத்தில் நான் பழைய ஆள். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் கடமை குழந்தையின் உடம்பை அடகு வைத்து நடக்கிறது. மருத்துவரிடம் சொன்னது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், அக்காளின் நோயைக் கேட்டுவிட்டுத் தங்கையை வேண்டாம் என்கிற குடும்பத்தை இழந்ததற்கு நான் வருந்த மாட்டேன். அதைவிட, அந்த இளைய பெண்ணின் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் இதுவரை யாராவது பார்த்தார்களா? கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றாலும். இளவயதுப் பெண்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். தெரியாமல் இருந்து பிள்ளை உண்டான பிறகு வெளிப்பட்டால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. யாருக்காக மறைக்கிறீர்களோ அவளுக்கே அந்த ஃபைல் தேவைப்படலாம் என்பதை உங்கள் மாமியாரிடம் உங்கள் கணவர் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாக மாறும். தங்கையை இழந்தவர் அவர், தாயைக் கேட்க வேண்டியவரும் அவர்தான். உங்கள் கடிதம் முழுவதும் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். லூபஸை உறுதி செய்யும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. ஏ.என்.ஏ. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கும் பாசிட்டிவாக வரும், ஆகவே அது மட்டும் போதாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., முன்பு சொன்ன காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4, லூபஸில் பெரும்பாலும் காணப்படும் டி.எஸ். டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சிறுநீரில் புரதம் எவ்வளவு என்ற கணக்கு, இவற்றோடு குழந்தையின் உடம்பையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பனியில் வெடித்த கன்னம் வறண்டு சொரசொரக்கும், எண்ணெய்ப் பசை பட்டால் அடங்கும். லூபஸின் சிவப்பு பெரும்பாலும் மூக்குத்தண்டின் மேலாகவும் படர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைக்கும். வெயில் பட்டால் கூடும். குளிர்கிற ஊரில் வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, மேகமும் அதை முழுக்கத் தடுப்பதில்லை. தேயிலை பறிக்கும் இடத்தில் அவளை நாள் முழுவதும் உட்கார வைக்காதீர்கள்; தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இன்றே தொடங்கட்டும்.

வேலூர் பிறகு. சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே நாளைக் காலையில் பார்க்கக் கூடியவை. அந்தச் சீட்டோடு கோவைக்கு இறங்கி மூட்டு நோய்களையும் லூபஸ் போன்ற நோய்களையும் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள், வேலூர் சி.எம்.சி.க்கு அனுப்ப வேண்டுமானால் அவரே எழுதிக் கொடுப்பார். அதுவரை முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நோயின் அடையாளங்களை அது மறைத்துவிடும். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் குறைந்தால், வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் நாள் பார்க்காமல் அன்றே கிளம்புங்கள்.

ஃபைலைப் பிரித்ததும் அதை அப்படியே எடுத்துப் போங்கள், எது முக்கியம் என்று நீங்கள் பொறுக்கி எடுக்க வேண்டாம். பெட்டி திறக்க மாட்டேன் என்று மாமியார் உறுதியாக நின்றால், அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் பெயரையும் ஆண்டையும் உங்கள் கணவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். பழைய பதிவேட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்க வழி இருக்கிறது.