ஆளுங்க ஈடுபாட்டோட வேலை பாக்க, மேல இருக்கறவங்க என்னதான் பண்ணணும்?

கேள்வி கேட்டவர் ஐடில டீம் லீட்ங்கறார். டீம்ல எல்லாரும் சொன்னத மட்டும் செஞ்சுட்டு, மீட்டிங்ல கேமராவ அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க, எப்படி இவங்களுக்கு ஆர்வம் வர வெக்கறதுன்னு கேக்கறார். எனக்கு ஐடி தெரியாதுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில பதினாறு வருஷம், முதல் ஏழு வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்த வெட்டி தைக்கற மெஷின்) டெய்லர், அப்புறம் லைன் (வரிசையா உக்காந்து ஆளுக்கு ஒரு பகுதி தைக்கற இடம்) சூப்பர்வைசர், இப்ப ஃப்ளோர் முழுக்க பாத்துக்கறேன். எனக்கு தெரிஞ்சத சொல்றேன், உங்களுக்கு ஆகறத எடுத்துக்கங்க.

முதல்ல காசு. எங்க ஊர்ல வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயந்தரம் வரணும், அது செவ்வாய்க்கிழமை வந்துச்சுன்னா நீங்க என்ன பேசினாலும் எடுபடாது. தீபாவளி போனஸ் சட்டப்படியே குறைஞ்சது 8.33 சதவீதம், அதுலயே இழுத்தடிச்சுட்டு ஆயுத பூஜைக்கு பொரி கடலை குடுத்து "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு மைக்ல பேசற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். பின்னாடி வரிசைல நிக்கறவங்க என்ன பேசிக்கறாங்கன்னு அவங்களுக்கு கேக்காது, எனக்கு கேக்கும். இத சொல்லிட்டு அடுத்ததுக்கு போறேன், ஏன்னா காசு சரியா குடுத்தும் ஆளுங்க வெறுத்துப்போன கதை ஒண்ணு இருக்கு, அதுல வில்லன் நான்தான்.

அப்ப நான் சூப்பர்வைசர் ஆகி ரெண்டாவது வருஷம். குழந்தைங்க டீசர்ட் ஆர்டர். குழந்தை துணின்னா பையர், அதான் ஆர்டர் குடுக்கற கம்பெனி, ஊசி விஷயத்துல ரொம்ப கெடுபிடி, மெஷின்ல ஊசி உடைஞ்சா எல்லா துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டி காட்டினாத்தான் புது ஊசி, ஒரு துண்டு கெடைக்கலன்னாலும் அந்த மெஷின சுத்தி இருக்கற பீஸ் எல்லாத்தையும் தனியா எடுத்து செக் பண்ணணும். ரூல் நல்ல ரூல்தான். ஆனா எங்க ரெஜிஸ்டர்ல அந்த மாசம் முழுக்க ரெண்டே ரெண்டு ஊசி உடைஞ்சதா இருந்துச்சு, நானும் ஆஹா நம்ம லைன் என்ன சுத்தம்னு நெனச்சிட்டு இருந்தேன்.

ஒருநாள் பேக்கிங்ல மெட்டல் டிடெக்டர் கத்துச்சு. சைடு ஜாயிண்ட் தையலுக்குள்ள ஊசி முனை, அரிசில பாதி கூட இருக்காது. கட்டி வெச்ச பெட்டி அறுபது சொச்சத்தையும் பிரிச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு பீஸா விட்டு எடுத்தோம். அடுத்த நாள் லைன நிறுத்தி யாருன்னு கத்தினேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல.

டீ டைம்ல பிளாட்லாக்னு ஒரு தையல் மெஷின் ஓட்டற அக்கா ஒருத்தங்க கூப்பிட்டு சொன்னாங்க, "தம்பி, உடைஞ்சுதுன்னு வந்து சொன்னா நீ என்ன பண்ணுவ? போன மாசம் அந்தப் புள்ளைய எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சு என்ன கத்து கத்துன. அதுவும் போக புது ஊசி வாங்க ஆபீஸ் ரூம் முன்னாடி இருபது நிமிசம் நிக்கோணும், பீஸ் ரேட்டுல இருபது நிமிசம்னா எத்தன பீசுன்னு நீயும் டெய்லரா இருந்தவன்தான?" பீஸ் ரேட்டுன்னா தைச்ச பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. அப்புறம் அவங்க மணிபர்ஸ தொறந்து காட்டினாங்க. உள்ள ஒரு சின்ன பாக்கெட்டுல ஊசி, கடையில சொந்தக் காசுல வாங்கினது. அவங்க மட்டும் இல்ல, லைன்ல பாதிப்பேரு வெச்சிருந்தாங்க.

அத என்னால ரொம்ப நாளைக்கு மறக்க முடியல. ஆளுங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு மேனேஜ்மென்ட் மீட்டிங்ல மாசாமாசம் புலம்பறோம், இங்க என்னடான்னா வேலை நிக்கக் கூடாதுன்னு அவங்க கைக்காச போட்டு கம்பெனி மெஷினுக்கு ஊசி வாங்கிட்டு இருக்காங்க, எங்கிட்ட வந்து பேசறதுக்கு பதிலா!

மூணு மாத்தம் பண்ணினோம். ஊசிப் பெட்டிய ஆபீஸ் ரூம்ல இருந்து லைனுக்கே கொண்டாந்து ஒரு ஹெல்பர் பொறுப்புல விட்டோம். ஊசிக்கு நிக்கற நேரத்துக்கு அவங்களோட சராசரி பீஸ் கணக்கு போட்டு காசு, இதுக்கு மட்டும் ஆபீஸ்ல ஒரு மாசம் சண்டை போட்டேன். மூணாவது, ஊசி உடைஞ்சதுக்கு யாரும் யாரையும் கத்தக் கூடாது, முக்கியமா நான்.

அடுத்த மாசம் ரெஜிஸ்டர்ல நாப்பதுக்கு மேல. முதலாளி பதறிட்டார், என்னப்பா திடீர்னு இவ்வளவு உடையுதுன்னு. இல்லீங்க, எப்பவும் உடையறதுதான், இப்பத்தான் நமக்கு தெரியுதுன்னேன். அந்த ரெஜிஸ்டர வெச்சுத்தான் அதுல முக்காவாசி ரெண்டே மெஷின்ல நடக்குதுன்னு புரிஞ்சுது, மெக்கானிக் வந்து லூப்பர் (ஊசிக்கு கீழ நூல கோர்க்கற கொக்கி) செட்டிங்க சரி பண்ணினதும் உடையறது பாதிக்கு மேல கொறஞ்சுது. முன்னாடியே அந்த மெஷின்ல உக்காந்தவங்களுக்கு தெரியும்ங்க, யாரும் கேக்கல.

பின்னாடி லீன் ட்ரெய்னிங்னு, வேலைல வீணாகறத கொறைக்கற பயிற்சி, ஒண்ணுக்கு அனுப்பினப்ப அமெரிக்காவுல நடந்த ஒரு கதை சொன்னாங்க. கலிபோர்னியால ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, லீவு, சண்டை, ஸ்ட்ரைக்னு பேர் கெட்டுப்போய் 1982ல மூடிட்டாங்க. 1984ல டொயோட்டாவும் அவங்களும் கூட்டா அதே ஆலைய தொறந்தாங்க, பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க, அதே யூனியன். ஆனா தப்பு ஏதாச்சும் கண்ல பட்டா லைன நிறுத்தறதுக்கு ஒரு கயிறு, அத தொழிலாளியே இழுக்கலாம், இழுத்தா லீடர் ஓடி வந்து என்ன உதவி வேணும்னு கேக்கணும். கொஞ்ச நாள்லயே அங்க தரமும் ஏறிடுச்சு, லீவு போடறதும் கொறஞ்சுடுச்சு. எனக்கு அந்த அக்காவோட மணிபர்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப எங்க ஃப்ளோர்ல ஒரு போர்டு இருக்கு. என்ன பிரச்சன, யாரு பாக்கறாங்க, என்னைக்கு முடியும், அவ்வளவுதான். ஒடிசா, பீகார் பசங்க தமிழ்ல எழுத மாட்டாங்க, அவங்க சொல்ல சொல்ல செக்கிங்ல ஒரு புள்ள எழுதும். முடியாததுக்கு முடியாதுன்னு காரணத்தோட எழுதிடறேன். ஏசி கேட்டாங்க, ஷெட்டு இரும்புத் தகரம், ஆகாதுன்னு எழுதினேன், யாரும் கோவிச்சுக்கல. ஷிப்மென்ட் நெருக்கடில மூணு வாரம் போர்டு பக்கமே போகாம இருந்தப்பதான் யாரோ புதுசா ஒரு வரி எழுதி வெச்சிருந்தாங்க, "சூப்பர்வைசருக்கு கண்ணாடி மாத்தணும்"னு. நானே சிரிச்சுட்டேன், அன்னைக்கு சாயந்தரமே உக்காந்து பாதி முடிச்சேன்.

இந்த மாசத்தின் சிறந்த தொழிலாளி போட்டோ மட்டும் வேண்டாம்ங்க, ரெண்டு மாசம் போட்டு பாத்து எடுத்துட்டேன். லைன் வேலைல துணியோட அடி ஓரம் மடிக்கற ஆளு வேகமா ஸ்லோவான்னு முடிவு பண்றது அவருக்கு முன்னாடி சைடு தையல் அடிக்கற ஆளு. ஒருத்தர் போட்டோவ மாட்டினா மத்த இருபத்தொம்போது பேருக்கும் கடுப்புதான் மிச்சம். உங்க கோடிங்லயும் ஒருத்தர் முடிச்சாத்தான் இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும்னு என் மச்சான் பையன் சொல்றான்.

உங்களுக்கு நான் சொல்றது, கேமராவ விடுங்க, போட்டாலும் போடாட்டியும் ஒண்ணும் ஆகாது. டீம்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா "இந்த வாரம் எதனால உங்க வேலை நின்னுச்சு"ன்னு கேளுங்க. முதல் தடவ "ஒண்ணும் இல்ல சார்"னு தான் வரும், ரெண்டாவது தடவையும் அதேதான் வரும், விடாம கேளுங்க. ஒருத்தராச்சும் ஏதாச்சும் சொன்னா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டு அவர்கிட்டயே போய் சொல்லுங்க. அப்புறம் மத்தவங்க தானா வருவாங்க, உங்களுக்கு தலைவலி வர்ற அளவுக்கு.

எங்க போர்டுல இன்னைக்கு அஞ்சு பாக்கி இருக்கு. ரெண்டு ஃபேன், லேடீஸ் பாத்ரூம் தாப்பாள், கட்டிங்ல இருந்து நெக் ரிப் (கழுத்துப் பட்டி) ஒரு சைஸ் மாறி வருதுன்னு ஒண்ணு, டீக்கு வர்ற வடை நேத்து சுட்டதுன்னு ஒண்ணு. தாப்பாள் நாளைக்கு காலைல மாட்டணும், வாங்கி வண்டி டேங்க் கவர்லயே வெச்சிருக்கேன்.