ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கணினி வேலையால் வரும் வலிகள்: வயதுதான் காரணமா?

கேள்வி: "அப்பாவுக்கு 56 வயது. அலுவலகத்தில் எல்லா வேலையையும் கணினிக்கு மாற்றியதிலிருந்து கழுத்துவலி, கண் எரிச்சல், கை மரத்துப்போவது என்று ஒவ்வொன்றாக வருகிறது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்கிறார். உண்மையா?"

பாதிதான் உண்மை. எனக்கு 59 வயது. கணக்குப் பிரிவில் வேலை. பேரேட்டில் கையால் எழுதிய காலத்தையும் பார்த்திருக்கிறேன், நாள் முழுக்கத் திரைமுன் உட்காரும் காலத்தையும் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்த மூன்றும் எனக்கும் வந்தன.

முதலில் கழுத்து. பிடரியில் தொடங்கித் தோள் வரை இழுக்கும் வலி. எட்டு மாதம் தைலம், மாத்திரை, புதுத் தலையணை என்று ஓடியது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட், அலுவலகத்தில் உட்காருவதுபோலவே உட்காரச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். "முகவாயை ஏன் மேலே தூக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் தூக்கியிருப்பதே எனக்குத் தெரியவில்லை.

காரணம் என் மூக்குக்கண்ணாடி. நாற்பதுகளில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அதற்குப் போடும் பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளில் படிக்கும் பவர் கீழ்ப்பகுதியில் இருக்கும். கையில் பிடித்த புத்தகத்துக்கு அது சரி. மானிட்டர் கண்ணுக்கு நேரே நிற்கிறதே! கீழ்ப்பகுதி வழியாக அதைப் பார்க்க வேண்டுமானால் முகவாயைத் தூக்கி, தலையை முன்னால் நீட்டியே ஆக வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை எட்டு மணி நேரம் அப்படித் தாங்கினால் எந்தக் கழுத்தும் வலிக்கும்.

"திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும்" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இந்தக் கண்ணாடி தேவைப்படாத இளைஞர்களுக்குப் பொருந்தும். எனக்கு அதுவே வினையாகிவிட்டது. மானிட்டருக்கு அடியில் இருந்த பலகையை எடுத்துவிட்டு, திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்தேன். கண்ணிலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்தேன், 62 செ.மீ. அதைக் கண் மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வாங்கினேன். ஒன்றரை மாதத்தில் வலி பெருமளவு குறைந்தது. இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. திரைமுன் வேலை செய்பவருக்குக் கண் பரிசோதனையும், தேவைப்பட்டால் அந்த வேலைக்கான கண்ணாடியும் அவருக்குச் செலவில்லாமல் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1990-லேயே விதி செய்துவிட்டன.

கண் எரிச்சலுக்கு வருவோம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. வயதாக ஆகக் கண்ணீரும் குறையும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் அதிகமாக. அதோடு ஏசி காற்றும் நேராக முகத்தில் அடித்தால் எரியாமல் என்ன செய்யும்? இருக்கையை மாற்றச் சொல்லுங்கள். எழுத்தையும் பெரிதாக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு நான் இரண்டு வருடம் செய்யாமல் இருந்தேன். அப்பாவுக்கு அந்தக் கூச்சம் வேண்டாம்.

கை மரத்துப்போவதைத் தள்ளிப் போடாதீர்கள். எந்த விரல்கள் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்து, இரவில் எழுந்து கையை உதறுகிறார் என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டன்னல் பிரச்சினையாக இருக்கலாம். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். அதனால் மவுஸை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் பெரிய கவலை. முன்பு ஒரு கோப்பு வேண்டுமென்றால் எழுந்து போவேன், கையெழுத்துக்கு மாடி ஏறுவேன். நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடந்த நடை அது. இப்போது எல்லாம் ஒரு கிளிக்கில் முடிகிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்கிறார்கள். அந்த உடம்பிலிருந்து இருந்த கொஞ்ச நடையையும் பிடுங்கிக்கொண்டோம். பக்கத்து அறையில் இருப்பவருக்குச் செய்தி அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன், எழுந்து போய்ப் பேசுகிறேன்.

வேலையிடம் மனம் வைத்தால் நிறைய முடியும். 2007-ல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் பிஎம்டபிள்யூ ஆலை ஒரு உற்பத்திப் பிரிவை மூத்த தொழிலாளர்களுக்கு ஏற்றபடி மாற்றியது. மரத்தரை, உட்கார இருக்கை, உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து என்று சுமார் 70 சிறிய மாற்றங்கள். உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அப்பா திரைமுன் வேலையில் மூழ்கியிருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். முகவாய் எங்கே இருக்கிறது என்று அவரிடமே காட்டுங்கள்.