ஒரே தீவனம் போட்டும் ஒரு குட்டி மட்டும் ஏன் தேறவில்லை?

பண்ருட்டிப் பக்கம் வெள்ளாடு வளர்க்கும் ஒருவரின் கேள்வி: தீவனம் ஒன்றுதான், குடற்புழு மருந்தும் கொடுத்தாயிற்று, கூடவே இருக்கும் ஆடுகள் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். கடலூரில் எங்கள் பட்டியில் தவிடு கொட்டியதும் பெரிய பெட்டை கொம்பைச் சாய்த்தாலே போதும், இளையது ஒதுங்கிவிடும். முட்டக்கூட வேண்டியதில்லை. இன்னொரு தொட்டியைத் தள்ளி வையுங்கள்.

போட்டி வளர்ச்சியைத் தூண்டுவதும் உண்டு. என்னை வியக்க வைப்பது அதுதான். ஆப்பிரிக்காவின் கலகாரியில் கூட்டமாக வாழும் மீர்கேட் என்ற கீரியின விலங்கில், எடை குறைந்த உடன்பிறப்புக்கு மட்டும் ஆய்வாளர்கள் வேகவைத்த முட்டை கொடுத்தார்கள். முட்டை கிடைக்காத மற்றதும் கூடுதலாக இரை தேடித் தின்று எடை கூடியது! 2016-இல் வெளியான ஆய்வு இது. அங்கே பெரும்பாலும் தலைமைப் பெண்தான் குட்டி ஈனும். கருவுற்ற மற்ற பெண்களை விரட்டிவிடும், அந்த நெருக்கடியில் கருவே கலைவதுண்டு. எடைதான் பதவி என்றால் பின்தங்க முடியுமா?

ஆட்டிலும் இனப்பெருக்கம் கூட்டத்தைப் பொறுத்ததே. கிடாயைச் சில வாரங்கள் கண்ணுக்கும் வாடைக்கும் எட்டாமல் பிரித்து வைத்துப் பிறகு உள்ளே விடுங்கள். பருவத்துக்கு வராதிருந்த பெட்டைகள் பலவும் சில நாட்களிலேயே வாலாட்டிக் கத்தத் தொடங்கும்.