பள்ளியில் நேராகப் போகும் ரோபோ போட்டியில் ஏன் தடுமாறுகிறது? – கேள்வி பதில்

பள்ளி ரோபோ அணிகளுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகனுக்கு ஒன்பது வயது. கோடிங் எதுவும் தெரியாது. சேர்க்கலாமா மேடம்?

தாராளமாக. உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டியில், ரோபோ தானாகவே ஓடி வேலைகளை முடிக்கும் ரோபோமிஷன் பிரிவில் எட்டு வயதுப் பிள்ளைகளே கலந்துகொள்கிறார்கள். தட்டச்சு செய்யக்கூட வேண்டியதில்லை. ஸ்கிராட்ச் போல வண்ணக் கட்டைகளைத் திரையில் இழுத்துப் பொருத்தினால் புரோகிராம் ரெடி. தான் நினைப்பதை "முன்னால் போ, நில், வலது பக்கம் திரும்பு" என்று ஒவ்வொரு படியாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம் வந்தால் போதும். ஆரம்பத்தில் பரிசைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். ரோபோவை ஓட்டி விளையாடட்டும்.

அக்கா, எங்கள் ரோபோ காலையில் சரியான இடத்தில் நிற்கிறது. சாயங்காலம் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிடுகிறது. புரோகிராமை நாங்கள் தொடவே இல்லை!

முழு வேகத்தில் 'மூன்று விநாடி ஓடு' என்று போட்டிருக்கிறீர்களா, பாருங்கள் தம்பி. பேட்டரி இறங்க இறங்க மோட்டாரின் வேகம் குறையும். அதே மூன்று விநாடியில் ரோபோ குறைவான தூரம்தான் போகும். நேரத்தை விட்டுவிட்டுச் சுற்றுக்கணக்குக்கு மாறுங்கள். சக்கரத்தின் விட்டம் 5.6 செ.மீ. என்றால், 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 17.6 செ.மீ. வரும். ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம். 88 செ.மீ. போக வேண்டுமா? ஐந்து சுற்று, அதாவது 1800 டிகிரி. ஸ்கேல் வைத்து அளந்து நீங்களே சரிபாருங்கள்.

சுற்றை எண்ணினாலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டென்று கிளம்பினால் சக்கரம் வழுக்கும். மோட்டார் அதையும் போன தூரமாகவே எண்ணிக்கொள்ளும். அதனால் மெதுவாகக் கிளம்பி, மெதுவாக நில்லுங்கள். வழியில் போட்டி மேசையின் ஓரச் சுவர் இருந்தால், ரோபோவின் முதுகை அதில் மெல்ல முட்டவைத்து நேராக்கிக்கொண்டு, அங்கிருந்து புதிதாக அளக்கத் தொடங்கலாம். அதுவரை சேர்ந்த கோணல் அத்தனையும் அந்த இடத்தில் சரியாகிவிடும். நல்ல அணிகள் எல்லாம் இதைச் செய்கின்றன.

பள்ளியில் கறுப்புக் கோட்டை அழகாகப் பிடித்துப் போன ரோபோ, போட்டி அரங்கில் கோட்டை விட்டு ஓடிவிட்டது. நான் அணியின் ஆசிரியர்; எங்கே தவறு?

கேள்விகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான் சார். ஒளி சென்சாருக்குக் கறுப்பு, வெள்ளை என்று எதுவும் தெரியாது. திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும். உங்கள் வகுப்பறையில் வெள்ளைக்கு 90, கறுப்புக்கு 10 வந்தது என்று வையுங்கள். நடு எண் 50. பிள்ளைகள் அந்த 50-ஐ அப்படியே புரோகிராமில் எழுதிவிடுவார்கள். அரங்கில் விளக்கும் வேறு, விரிப்பும் வேறு. வெள்ளை 70, கறுப்பு 6 என்று வந்தால் நடு எண் 38 ஆகிவிடும். பழைய 50-ஐ நம்பினால் ரோபோ தடுமாறத்தான் செய்யும்.

எண்ணை நேரடியாக எழுதாமல், அன்று காலை வெள்ளை மேலும் கறுப்பு மேலும் வைத்து அளந்து, நடு எண்ணைக் கணக்கிடும் சிறு புரோகிராம் ஒன்றைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். சென்சாரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கி, வெளி வெளிச்சம் படாமல் சுற்றி மறைத்துவிடுங்கள். அப்புறம், கோட்டின் நடுவைத் தொடரக் கூடாது, ஓரத்தைத் தொடர வேண்டும். நடுவில் இருந்தால், எந்தப் பக்கம் விலகினாலும் ஒரே மாதிரி வெள்ளைதான் தெரியும். ஓரத்தில் இருந்தால், எண் கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம் என்று உடனே தெரிந்துவிடும். விலகல் எவ்வளவோ அந்த அளவுக்குத் திருப்பினால் ஆட்டமும் அடங்கும்.

நான் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறேன். மகள் அணியின் புரோகிராமை முந்தைய இரவு கொஞ்சம் சீர்படுத்திக் கொடுக்கலாமா?

வேண்டாம் சார். போட்டி நாளில் திடீரென ஒரு புது விதியை அறிவிக்கும் போட்டிகள் உண்டு. அப்போது நீங்கள் உள்ளே போக முடியாது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோ போட்டியில் நடுவர்கள் ரோபோவின் வடிவமைப்பைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்பார்கள். ஒரு முறை நடுவர், ரோபோவின் கையை நகர்த்தும் மோட்டாரின் அளவைக் காட்டி, "இது ஏன் 342 டிகிரி?" என்று கேட்டார். ஒரு சிறுமி பட்டென்று, "360 வச்சா கை மேல இடிச்சு ரோபோவே நகர்ந்துடுது சார், குறைச்சுக் குறைச்சுப் பார்த்தோம்" என்றாள். அந்த எண்ணை அப்பா போட்டிருந்தால் அவளிடம் என்ன பதில் இருந்திருக்கும்? கேள்வி கேளுங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள்.

தட்டச்சு செய்து எழுதும் பைதான் மொழியா, கட்டைகளா?

கட்டைகளே போதும். ரோபோ செய்து முடிக்கும் வேலைக்குத்தான் புள்ளி, எந்த மொழியில் எழுதினீர்கள் என்பதற்கு இல்லை.

ஃபர்ஸ்ட் லெகோ லீகில் இரண்டரை நிமிடத்தில் எல்லா மிஷன்களையும், அதாவது ரோபோ செய்ய வேண்டிய வேலைகளையும், முடிக்க முடியவில்லை அக்கா.

முடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்பது, பத்து முறை சரியாக வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முறை மட்டுமே சரியாக வருவது எவ்வளவு புள்ளி தந்தாலும் கடைசிக்குத் தள்ளுங்கள். ரோபோவின் கையைக் கழற்றி வேறு கை மாட்ட எத்தனை விநாடி ஆகிறது என்றும் பாருங்கள். நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

ஒரே பையன் லேப்டாப்பை விடமாட்டேன் என்கிறான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்வது?

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். ஒருவர் கட்டைகளை நகர்த்தட்டும், பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன என்று சொல்லட்டும், மூன்றாமவர் ரோபோ நின்ற இடத்தை அளந்து நோட்டில் எழுதட்டும். அந்தப் பையனுக்கு முதலில் கோபம் வரும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். போட்டியன்று அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அணி ஓட வேண்டுமே.