கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் கிறிஸ்தவர்களுக்கு எதற்கு ஒரு தரகர்? நேராகக் கும்பிட்டால் கேட்காதா?

கிண்டலாகத்தான் 'தரகர்' என்று எழுதியிருக்கிறீர்கள் போல. இருந்தாலும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவது எனக்கு வசதி. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன், தரகர்களைப் பார்த்து வளர்ந்தவன்.

போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும். நாங்கள் கத்தோலிக்கர்கள். மாடு விற்கிற வாரம் மட்டும் அப்பா பூசைக்கு மட்டம் போடுவார், அம்மா அதற்கு அடுத்த ஞாயிறு வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். சந்தையில் தரகர் அப்பாவின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். மடக்கினால் ஒரு கணக்கு, பிடித்து அழுத்தினால் ஒரு கணக்கு. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு தரகர் அதே துண்டோடு நாலு அடி நடந்து போய், வாங்க வந்தவர் கையைப் பிடிப்பார். இவர் கேட்ட விலை அவருக்குத் தெரியாது, அவர் சொன்னது இவருக்குத் தெரியாது. ஒருமுறை மாடு கைமாறிய பிறகு, டீக்கடையில் வாங்கியவரே பேச்சுவாக்கில் தான் கொடுத்த தொகையைச் சொல்லிவிட்டார். நடுவில் எண்ணூறு ரூபாய் காணோம். அப்பா கோபப்படவில்லை. "அவன் பொழப்பே அந்த நாலு அடியிலதான்டா இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் நேராகப் பேசிவிட்டால் தரகருக்கு வேலை இல்லை. இயேசுவை மத்தியஸ்தர் என்று சொல்லும்போது கிறிஸ்தவர்கள் மனதில் இருப்பது இந்த ஆள் இல்லை.

பைபிளில் யோபு என்று ஒருவர் வருவார். பிள்ளைகள், ஆடுமாடு, உடம்பு எல்லாம் போன மனிதர். கடவுளோடு வழக்காட அவருக்கு ஆசை. ஆனால் எதிர்க்கட்சியும் கடவுள், தீர்ப்புச் சொல்பவரும் கடவுள் என்றால் யாரிடம் போவது? "எங்கள் இருவர்மேலும் தன் கையை வைக்கத்தக்க மத்தியஸ்தன் எங்களுக்குள் இல்லையே" என்று புலம்புகிறார் (யோபு 9:33). இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வரும். தரகரும் இரண்டு பேர் மேலும் கை வைக்கிறவர்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மேல்தான். யோபு தேடியது ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கை எட்டுகிற ஆளை.

தூதர் போதாதா என்றால், போதாது. தகடூர் அதியமானுக்காக ஔவையார் எதிரி மன்னன் தொண்டைமானிடம் தூது போனதைத் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன, அவனுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வது போல இடித்துவிட்டு வந்தார். அழகான பேச்சு. ஆனால் அங்கே நின்றாலும் அவர் அதியமான் ஆள்தான். பைபிளின் தீர்க்கதரிசிகளும் அப்படியே, கடவுள் பக்கத்திலிருந்து சேதி கொண்டு வருகிறவர்கள். மோசே சீனாய் மலை ஏறி இறங்கி இரண்டு பக்கமும் பேசினார், ஆனாலும் மலைமேல் போன ஒரு மனிதர், அவ்வளவுதான்.

இங்கேதான் தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுலின் பெயரில் உள்ள கடிதத்தின் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது (1 தீமோத்தேயு 2:5). கடவுள் ஒருவரே, மத்தியஸ்தரும் ஒருவரே, அவர் "மனுஷனாகிய" கிறிஸ்து இயேசு என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'மத்தியஸ்தர்' என்று இருப்பது, எங்கள் திருவிவிலியத்தில் 'இணைப்பாளர்'. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பஞ்சாயத்து வாடை இல்லை. அவர் பாதிக் கடவுள், பாதி மனிதர் என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டுவிடும். இரண்டு பக்கத்துக்கும் வேற்றாளாகிவிடுவார். முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர், ஆனால் ஒரே ஆள் என்று, ஆயர்கள் கூடிய கால்சிடோன் சங்கம் 451இல் முடிவு செய்ததன் அக்கறை அதுதான். புரிகிறதா என்று கேட்டால், எனக்கும் முழுசாகப் புரிந்ததில்லை.

எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டது மாமாவால். அப்பா கிணறு வெட்டக் கடன் வாங்கியபோது மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கிணற்றில் தண்ணீர் வரவில்லை, தவணையும் கட்ட முடியவில்லை. நோட்டீஸ் மாமா வீட்டுக்குப் போனது. அந்த வருஷத்து மாங்காயைத் தோப்போடு மொத்தமாகப் பேசி விற்று, எங்களுக்குச் சொல்லாமலே கட்டிவிட்டு வந்து, ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எபிரேயர் கடிதம் இயேசுவைப் 'பிணையாளி' என்கிறது (7:22). இந்த நடுவர் கமிஷன் எடுக்கவில்லை, தன்னையே ஈடாகக் கொடுத்தார் என்பது நம்பிக்கை. யாரிடம் கட்டினார், கடவுள் என்ன வட்டிக்காரரா என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயம்தான். 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற ஆயர் இதைக் கடன் கணக்காகவே விளக்கி எழுதினார். எனக்கே அதில் வங்கி வாசனை அடிக்கும். கடவுளே மாமா இடத்தில் வந்து உட்கார்ந்தார் என்று வைத்தால்தான் எனக்கு ஒட்டுகிறது.

சரி, நேராகக் கும்பிட்டால் கேட்காதா? கேட்கும். எருசலேம் ஆலயத்தில் கடவுளின் சந்நிதியை மறைத்த திரைக்கு உள்ளே தலைமைக் குரு ஒருவர்தான் போகலாம், அதுவும் வருஷத்தில் ஒரே நாள். இயேசு இறந்தபோது அந்தத் திரை மேலிருந்து கீழே வரை கிழிந்தது என்று மத்தேயு எழுதுகிறார் (27:51). யோவான் 16ஆம் அதிகாரத்தில் இயேசுவே, உங்களுக்காக நான் தந்தையிடம் கேட்பேன் என்று சொல்லவில்லை, அவரே உங்கள்மேல் அன்பாயிருக்கிறார் என்கிறார். எந்தத் தரகராவது இப்படிப் பேசுவாரா?

அப்புறம் ஏன் மாதாவிடமும் அந்தோணியாரிடமும் போகிறீர்கள் என்று என் மாமியார் கேட்பார். அவர் பெந்தெகொஸ்தே சபை, மாதாவிடமும் புனிதர்களிடமும் வேண்டாதவர்கள். மரியாவிடம் வேண்டுவது கிறிஸ்துவின் இடத்தைக் குறைக்காது என்று, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் அம்மாதான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க பேத்திக்குக் காய்ச்சல்னா பாஸ்டருக்குப் போன் போட்டு ஜெபம் பண்ணச் சொல்றீங்களே சம்பந்தி, அது என்னவாம்?" மாமியார் விடவில்லை. "பாஸ்டர் உயிரோட இருக்காரு." அம்மா, "எங்க மாதாவும்தான்" என்றார். இது மூன்று வருஷமாக நடக்கிறது.