இருபதாம் தேதியே துண்டு விழுகிறதா? வீட்டு பட்ஜெட் கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக் கணக்கு எழுதி வருகிறேன். கணக்கில் தடுமாறிய சில குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்கள் வரவு செலவையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நாலு தடவை பட்ஜெட் போட்டுவிட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் மாதம் பட்ஜெட்டே போடாதீர்கள். செலவை மட்டும் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். கூடவே கடந்த 3 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நீங்கள் மறந்தே போன சந்தா ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பெரும்பாலோர் போடும் முதல் பட்ஜெட் ஆசைப் பட்டியல்தான். "வெளியே சாப்பிடுவதைப் பாதியாக்குவோம்" என்று எழுதுகிறோம், இப்போது எவ்வளவு ஆகிறது என்றே தெரியாமல். உண்மையான தொகை கையில் வந்த பிறகு பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். அது நிற்கும்.

சிக்கனமாகத்தான் இருக்கிறோம். ஆனால் மாதாமாதம் ஏதாவது எதிர்பாராத செலவு வந்து கவிழ்த்துவிடுகிறது. போன மாதம் பள்ளிக் கட்டணம், இந்த மாதம் வண்டி சர்வீஸ். என்னதான் செய்வது?

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். பள்ளிக் கட்டணம் எதிர்பாராத செலவு அல்ல. வண்டி சர்வீஸும் அல்ல. இரண்டும் வரும் என்று ஓராண்டுக்கு முன்பே தெரியும். மாதாமாதம் வராததால் மாத பட்ஜெட்டில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்தவரை பட்ஜெட்டை உடைப்பது டீயோ காபியோ அல்ல, இந்த மாதிரிச் செலவுகள்தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். காப்பீடு, கட்டணம், வரி, வண்டி, பண்டிகை, திருமணங்களுக்குச் செய்முறை, கண்ணாடி மாற்றுவது, எல்லாவற்றையும் அந்தந்த மாதத்தில் எழுதுங்கள். கூட்டி 12ஆல் வகுங்கள். அந்தத் தொகை சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் பலர் சறுக்குகிறார்கள். காப்பீட்டுக்கு 12,000 வேண்டும், கட்டும் நாளுக்கு இன்னும் 3 மாதம்தான் இருக்கிறது என்று வையுங்கள். மாதம் 1,000 ஒதுக்கினால் அன்றைக்குக் கையில் 3,000தான் இருக்கும். உடனே "இந்த முறை சரிவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் சுற்றுக்கு மட்டும் 3ஆல் வகுத்து மாதம் 4,000 எடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து மாதம் 1,000 போதும். ஆகவே முதல் ஓராண்டு இறுக்கமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அந்த ஓராண்டு கஷ்டப்பட்டுத்தான் கடந்தோம். அடுத்த ஆண்டு பள்ளிக் கட்டணம் கட்டிய அன்று யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை. அந்த ரசீதை வெகுநாள் நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

50-30-20 விதி என்கிறார்களே, எங்களுக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவுமே 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. நாங்கள் தப்பு செய்கிறோமா?

இல்லை. வரி போகக் கைக்கு வரும் பணத்தில் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடன் அடைக்கவும் 20 என்ற இந்தப் பங்கீட்டை 2005இல், அப்போது அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் எழுதிப் பரப்பினார்கள். அது ஒரு அளவுகோல், சட்டம் அல்ல. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற புள்ளியியலாளர் 1857இலேயே காட்டிவிட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கீடு எப்படிப் பொருந்தும்? உங்களுக்கு 75-20-5 என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். அந்த 5ஐ முதல் நாளே எடுத்து வைப்பதுதான் முக்கியம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் பாதியை அந்த 5உடன் சேர்த்துவிடுங்கள்.

எனக்குச் சம்பளம் இல்லை, தொழில். ஒரு மாதம் நிறைய வரும், ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது.

கடந்த 12 மாத வரவை வரிசையாக எழுதுங்கள். அடியோடு படுத்த ஓரிரு மாதங்களை ஒதுக்கிவிட்டு, மீதியில் மிகக் குறைந்ததை உங்கள் 'சம்பளம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவதெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அங்கிருந்து மாதம் ஒருமுறை அந்தச் 'சம்பளத்தை' மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். நல்ல மாதத்தின் மிச்சம் மோசமான மாதத்துக்குக் கை கொடுக்கும். வரிக்கான பங்கை மட்டும் பணம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள், அதை உங்கள் பணமாகவே எண்ண வேண்டாம்.

மாதச் சாமானுக்கு ஒதுக்கிய பணம் 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது, மேடம்.

மாதத்துக்கு 4 வாரம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 48 வாரம்தான் வரும், ஆனால் ஆண்டில் 52 வாரம் இருக்கிறது. அந்த 4 வாரச் செலவு எங்கிருந்து வரும்? ஒரு வாரச் செலவை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்து ஒதுக்குங்கள். அப்புறம் மொத்தத்தையும் ஒரே நாளில் கையில் எடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை கட்டும் கட்டணம் இருந்தால் அதையும் ஆண்டுக்கு 13 முறை என்று எழுதுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது. முதலில் சேமிப்பதா, கடனை அடைப்பதா?

சிறிய அவசரத் தொகை ஒன்றை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு மருந்துச் செலவையோ ஒரு பழுதையோ தாங்கும் அளவுக்கு. இல்லையென்றால் அடுத்த அவசரமும் அதே கார்டில்தான் ஏறும். அதற்குப் பிறகு முழு மூச்சாகக் கடன்தான். மாதம் 3 சதவீத வட்டி கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல், இரண்டே ஆண்டில் கடன் இரட்டிப்பு. எந்தச் சேமிப்புக் கணக்கும் அவ்வளவு தராது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது.

பல கடன்கள் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதே லாபம். ஆனால் மிகச் சின்னக் கடன் ஒன்றை முடித்துவிட்டால் மனசுக்குத் தெம்பு வரும் என்றால் அதை முதலில் முடியுங்கள். பாதியில் விட்டுவிடாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

என் கணவருக்குக் கணக்கு என்றாலே எரிச்சல். "ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் கேட்க வேண்டுமா" என்கிறார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. இருவருக்கும் ஒரே அளவில் கைச்செலவுப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது, நீங்களும்தான். மற்றச் செலவுகளில் எந்தத் தொகைக்கு மேல் போனால் இருவரும் பேசி முடிவெடுப்பது என்பதை மட்டும் சேர்ந்து தீர்மானியுங்கள். பேச்சை மாதக் கடைசியில் வைக்காதீர்கள். பணம் தீர்ந்த நேரத்தில் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். சம்பளம் வந்த வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

நோட்டா, செயலியா?

தினமும் எதைத் திறப்பீர்களோ அது.

ஒரு தலைப்பில் தொகை தாண்டிவிட்டால் அந்த மாதம் அவ்வளவுதானா?

இன்னொரு தலைப்பிலிருந்து எடுத்து நிரப்புங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே தலைப்பு தாண்டினால் ஒதுக்கியதுதான் தவறு, தொகையை மாற்றுங்கள்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினால் கையிருப்போடு கணக்கு ஒத்துவருவதே இல்லை. தேடித் தேடி அலுத்துவிட்டது.

'மறந்தது' என்று ஒரு வரி எழுதி, வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். என் நோட்டில் இன்றும் அந்த வரி உண்டு. மாத முடிவில் அதன் கூட்டுத்தொகை உங்கள் கைச்செலவை விடப் பெரிதாக இருந்தால் மட்டும் தேடுங்கள்.